வழக்கைப் பழக்குங்க, வழக்குப் போடாதீங்க

உயர்தரப் பரீட்சை எழுதிட்டு முடிவுக்காகக் காத்திருந்த ஒரு தங்கச்சி, சும்மா கிடந்த அந்த மாதங்களில் ஹாஸ்கெல் பழகத் தொடங்கினா. ரெண்டாம் கிழமை ஒரு பட்டியலில் உள்ள எண்களைக் கூட்டுற சின்னச் செய்நிரல் ஒன்றை எழுதி, நம்மட வட்டத்தில் இருக்கிற ஒரு அண்ணனிட்டக் காட்டினா. அண்ணன் பார்த்தார். ஒரே வரிதான் சொன்னார்: "ஓடுது. ஆனா இது ஹாஸ்கெல் இல்ல, பைதன ஹாஸ்கெல்ல எழுதி வச்சிருக்கா." அவ்வளவுதான். எது அப்படி, ஏன் அப்படி, எப்படி எழுதியிருக்கணும், ஒண்டும் சொல்லல. மறுகா அந்தத் தங்கச்சி அந்தக் கோப்பைத் திறக்கவே இல்லை.

எனக்குக் கோபம் அண்ணன் பிழையாகச் சொன்னார் என்றல்ல. அவர் சொன்னது முழுக்கச் சரி. சரியான ஒன்றை இப்படி வீணாக்கிவிட்டாரே என்றுதான் கோபம்.

அவ எழுதினது இதுதான். பட்டியலின் 0ஆவது உறுப்பை எடு, 1ஆவது உறுப்பை எடு, 2ஆவது உறுப்பை எடு, இப்படியே நீளம் முடியும் வரைக்கும் போ, எடுத்ததையெல்லாம் கூட்டு. பைதனில் இது நல்ல வேலை. அங்கே பட்டியல் என்பது வரிசையாக இலக்கமிட்ட அறைகள். 5,000ஆவது அறைக்கு நேராகப் போகலாம். ஹாஸ்கெலில் பட்டியல் அப்படிக் கட்டப்படவில்லை. அது சங்கிலி. ஒவ்வொரு கண்ணிக்கும் தன் பெறுமதியும், அடுத்த கண்ணி எங்கே என்பதும் மட்டும்தான் தெரியும். 5,000ஆவது கண்ணிக்குப் போகணுமென்றால் முதலாவதில் இருந்து ஒவ்வொன்றாக நடந்துதான் போகணும். பிறகு 5,001ஆவதுக்கு? திரும்பவும் முதலாவதில் இருந்து. 10,000 உறுப்புள்ள பட்டியலை இப்படிக் கூட்டினால் ஏறக்குறைய 5 கோடி அடி நடக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் "நீளம் எவ்வளவு?" என்றும் கேட்டால் இன்னும் 10 கோடி. ஒழுங்காக எழுதினால் 10,000 அடி காணும்.

ஒழுங்கு என்றால் என்ன? வெறும் பட்டியலின் கூட்டுத்தொகை 0. மற்றப்படி, தலையில் இருக்கிற எண்ணோடு மீதிப் பட்டியலின் கூட்டுத்தொகையைச் சேர். ரெண்டு வரி. இலக்கம் இல்லை, நீளம் இல்லை, கணக்குப் பார்க்கிற பெட்டி இல்லை. சங்கிலி எப்படிக் கட்டப்பட்டதோ, அந்த வடிவத்திலேயே செய்நிரலும் இருக்கிறது.

இதை விளங்கப்படுத்த அஞ்சு நிமிசம் போதும். அந்த அஞ்சு நிமிசத்தைக் கொடுக்காம, "இது வழக்கு இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவதற்கு எதிராகத்தான் இந்தக் கட்டுரை.

தமிழில் 'வழக்கு' என்ற சொல்லுக்கு ரெண்டு பொருள் உண்டு. ஒன்று, ஆட்கள் புழங்கிப் புழங்கி நிலைத்துப்போன சொல்முறை. பேச்சு வழக்கு, உலக வழக்கு என்கிறோமே, அது. மற்றது கோட்டில் போடுறது. சார்புவழிச் செய்நிரலாக்கத்தில் கொஞ்சம் கைதேர்ந்த நம்மட ஆட்கள் பலர் முதலாவது பொருளைச் சொல்லிக்கொண்டு ரெண்டாவதைத்தான் செய்றாங்க. புதுசா வாற ஒவ்வொருத்தர் மேலயும் வழக்குப் போடுறாங்க. குற்றம்: லூப் மாதிரி யோசிச்சது. தீர்ப்பு: உனக்கு இது சரிவராது.

வழக்கு என்றால் உண்மையில் என்ன என்று பார்ப்பம். இங்கிலிஷ் மட்டும் தெரிந்த ஒருத்தர் தமிழ் பழகி, "நான் பசியாக இருக்கிறேன்" என்று சொன்னால் இலக்கணப் பிழை இல்லை. சோறு கிடைக்கும். ஆனா நாம "எனக்குப் பசிக்குது" என்றுதான் சொல்லுவம். அங்கே நான் எழுவாய். இங்கே பசிதான் வந்து என்னைப் பிடிக்குது, எனக்கு நான்காம் வேற்றுமை. வழக்கு மாறும்போது சொல் மட்டும் மாறவில்லை. யார் என்ன செய்றார் என்ற பார்வையே மாறிப்போகுது. சார்புவழியும் இதுதான். "நான் போய் ஒவ்வொன்றாக எடுத்து, பெட்டியில் போட்டு, பெட்டியை மாற்றி" என்பது ஒரு பார்வை. "இது என்ன? அது இதில் இருந்து எப்படி வரும்?" என்பது இன்னொரு பார்வை. லூப் எழுதுற இடத்தில் வேறொரு கட்டளையை எழுதி வைப்பதால் பார்வை மாறாது.

மண்முனையில் 2014இல் பாலம் வந்தது. அதுக்கு முதல் பாதையில் ஏறித்தான் அந்த இடத்தில் வாவியைக் கடக்கணும். காலமெல்லாம் பாதையில் போன ஆள் முதல்நாள் பாலத்தடியில் நின்று "பாதை எப்ப வரும்?" என்று கேட்டால் அவர் முட்டாள் இல்லை. அவருக்குத் தெரிந்த கடத்தல் அது. அவருக்குப் பாலத்தைக் காட்டணும். சிரிச்சிட்டுப் போறவன்தான் முட்டாள்.

சரி, ஏன் நம்மட பிள்ளைகள் எல்லாரும் பாதைக்கே காத்து நிற்கிறாங்க? ஏனென்றால் நாம வேற எதையும் காட்டினதே இல்லை. சாதாரண தரத்தில் பல வருசமாக பஸ்கால். உயர்தரத்தில் பைதன். தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திட்டத்தில் செய்நிரலாக்க முறைமைகள் என்று ஒரு பகுதி இருக்கு: கட்டளைவழி, அறிவிப்புவழி, பொருள்நோக்கு. வரைவிலக்கணம் பாடமாக்கி எழுதுறதோட அது முடியும். மறுகா மாறி, லூப், தேடல், குமிழி வரிசையாக்கம். ரியூசன் கொட்டிலில் இருந்து கம்பஸ் முதலாம் வருசம் வரைக்கும் செய்நிரலாக்கம் என்றால் பெட்டிக்குள் ஒன்றைப் போட்டு, எடுத்து, மாற்றிப் போடுறது மட்டும்தான்.

இதில் ஒரு அநியாயம் இருக்கு. "எண் = எண் + 1" என்ற வரியை முதல்தடவை பார்த்தபோது உங்களுக்கு என்ன தோணிச்சு என்று ஞாபகம் இருக்கா? அட்சரகணிதம் ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு அது பொய் மாதிரித் தெரியும். எந்த எண்ணும் தன்னைவிட ஒன்று கூடிய எண்ணுக்குச் சமனாக இருக்க ஏலாது. "அது சமன் இல்ல மனே, அது வேற" என்று சேர் சொல்லுவார், நாமளும் தலையாட்டுவம். சமனென்றால் சமன், ஒரு பெயர் ஒரு பெறுமதி, ஒரே உள்ளீட்டுக்கு ஒரே வெளியீடு: கணித வகுப்பில் பத்து வருசம் சேர்த்த இந்த அறிவைத்தான் முதலில் கழற்றி வாசலில் வைக்கச் சொல்லுறம். பிறகு சில வருசம் கழிச்சு, சார்புவழி பழக வந்தால், "அது ரொம்பக் கஷ்டம், கணிதம் மாதிரி இருக்கும்" என்று பயமுறுத்துறம். இந்தக் கஷ்டத்தை உண்டாக்கினதே நாமதான்.

இதைச் சொல்றது நான் மட்டுமில்லை. 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஜோன் பக்கஸ். உலகத்துக்கே லூப் எழுதப் பழக்கின ஆட்களில் ஒருவர். 1977இல் டியூரிங் விருது வாங்கினபோது அவர் ஆற்றிய உரை, ஒரு நேரத்தில் ஒரு பெறுமதியை எடுத்துப் பெட்டியில் போடுகிற அந்தப் பாணியில் இருந்து செய்நிரலாக்கத்தை விடுவிக்க ஏலுமா என்பதைப் பற்றியது. தான் கட்டின வீட்டின் சுவரைத் தானே தட்டிப் பார்த்த மனுசன். 1985இல் ஏபல்சனும் சஸ்மனும் எழுதிய பாடநூல் எம்ஐடியில் முதல் வருசப் பிள்ளைகளுக்கு ஸ்கீம் மொழியில் இருந்துதான் செய்நிரலாக்கத்தைத் தொடங்கியது. அந்தப் பிள்ளைகளுக்கு அதுதான் அடிப்படைப் பாடம். "கடைசியில் படிக்கிற உயர்ந்த விசயம்" என்று யாரும் சொல்லவில்லை.

"அது எம்ஐடி, இது மட்டக்களப்பு" என்று சொல்ல வாறவங்களுக்கு ஒரு நடைமுறைக் கணக்கு. காலையில் மீன் ஏலத்துக்கு வந்த கூடைகளின் பட்டியல் கையில் இருக்கு: ஒவ்வொரு கூடைக்கும் என்ன மீன், எத்தனை கிலோ, கிலோ என்ன விலை. இறாலின் மொத்தப் பெறுமதி வேணும்.

லூப் சொல்றது: மொத்தம் என்று ஒரு பெட்டி வை, அதில் 0 போடு. இலக்கம் என்று இன்னொரு பெட்டி வை, அதிலும் 0 போடு. இலக்கம் கூடைகளின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருக்கும்வரை, அந்தக் கூடையை எடு, இறாலா என்று பார், ஆமென்றால் பெருக்கி மொத்தத்தில் கூட்டிப் போடு, இலக்கத்தை ஒன்றால் கூட்டு.

சார்புவழி சொல்றது: கூடைகளில் இறாலை வடித்து, கிலோவை விலையால் பெருக்கி, கூட்டு.

ரெண்டாவதைத் திரும்ப வாசிச்சுப் பாருங்க. அது செய்நிரல் மட்டுமில்லை, நல்ல தமிழ் வாக்கியமும் கூட. படுவான்கரையில் ஒரு உம்மாவோ அம்மம்மாவோ நெல்லை அவித்து, காயவைத்து, குத்தி, புடைத்து என்று சொல்லிக்கொண்டு போவதும் இதே வடிவம்தான். முதல் வேலையின் வெளியீடு அடுத்த வேலையின் உள்ளீடு. இடையில் எந்தப் பெட்டிக்கும் பெயர் வைக்கத் தேவையில்லை. வினையெச்சத்தை அடுக்கிப் பேசுறவங்களுக்கு, சார்புகளைக் குழாய் மாதிரிப் பொருத்தி எழுதுறது அந்நியமாகத் தெரியவே கூடாது. வடி, மாற்று, திரட்டு: சார்புவழியில் பட்டியல் வேலைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றுக்குள் அடங்கும்.

ஆனா இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். மேலே சொன்னதைப் பார்த்துவிட்டு, "சரி, இனி லூப் எழுதாத, திரட்டு எழுது" என்று முதல்நாளே கட்டளை போடுற ஆட்களும் இருக்கிறாங்க. அதுவும் அந்த அண்ணன் செய்த அதே பிழைதான், மறுபக்கத்தில் இருந்து. திரட்டு என்பது முடிவு, தொடக்கம் இல்லை. முதலில் பட்டியலின் கூட்டுத்தொகையைத் தலையும் மீதியுமாகப் பிரித்து நீங்களே எழுதுங்க. பிறகு பெருக்குத்தொகை எழுதுங்க. பிறகு எத்தனை உறுப்பு என்று எண்ணுங்க. மூன்றாவதை எழுதும்போது கை தானாக நிற்கும்: "இதைத்தானே இப்பயும் எழுதினேன்?" வெறும் பட்டியலுக்கு ஒரு விடை, தலையையும் மீதியின் விடையையும் சேர்க்க ஒரு வழி, இந்த ரெண்டும்தான் மாறுது, மற்றதெல்லாம் ஒன்று. அந்த ஒன்றுக்கு வைத்த பெயர்தான் திரட்டு. இப்படி வந்தவருக்கு அது வாழ்நாளுக்கும் மறக்காது. பெயரை முதலில் வாங்கினவர் பாடமாக்குவார், சோதனை முடிய மறப்பார். வழக்கு என்பது சுருக்கெழுத்து இல்லை. பலமுறை எழுதிக் களைத்த கை கண்டுபிடித்த குறுக்குவழி. அதனால்தான் தொடக்கநிலையில் இருப்பவருடைய சுற்றிவளைத்த எழுத்து எனக்குக் குற்றமாகத் தெரிவதில்லை. வழக்குக்கு வருகிற ஒரே வழி அதுதான்.

இன்னொன்று. வழக்கு மொழிக்கு மொழி வேறு. ஹாஸ்கெலில் பழகிய தலை-மீதி முறையைப் பைதனில் அப்படியே கொண்டுபோய்ப் போட்டீங்க என்றால், 1,000 ஆழத்துக்குக் கிட்டவே அது வழுச்செய்தி காட்டி நின்றுவிடும். பைதனின் இயல்பான வரம்பு அது. வால் மீளழைப்பை அது சுருக்கித் தருவதும் இல்லை. அங்கே வழக்கு, 2000இல் வந்த பட்டியல் தொகுப்புமுறை. அதுவே ஹாஸ்கெலைப் பார்த்துக் கடன் வாங்கியது. திரட்டைப் பைதன் 3 முன்வாசலில் இருந்து எடுத்து ஒரு பக்க அறைக்கு அனுப்பிவிட்டது. ஆகவே "சார்புவழிதான் உயர்ந்தது, எல்லா இடத்திலும் அப்படித்தான் எழுதணும்" என்கிறவரும் வழக்கு விளங்காதவர்தான். யாழ்ப்பாணத்தில் 'பிறகு' என்பாங்க, நாம 'மறுகா' என்பம். ஒன்று மற்றதைவிட உயர்வில்லை. எந்த ஊரில் நிற்கிறம் என்று தெரிஞ்சு கதைக்கிறதுதான் வழக்கு.

"பாடத்திட்டத்தில் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று நம்புறவங்க தமிழ்நாட்டைப் பாருங்க. அங்கே 2019இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலின் முதல் பாடமே செயற்கூறு. தூய செயற்கூறு எது, தூய்மையற்றது எது, வெளியில் உள்ள மாறியைத் தொட்டால் என்ன கேடு என்று பேசுது. அடுத்த பாடம் தரவை அருவமாக்கிக் கையாள்வது பற்றி. பைதன் அதுக்கெல்லாம் பிறகுதான். தமிழில், அரசுப் பாடநூலில், பள்ளிப் பிள்ளைகளுக்கு இது கிடைச்சிருக்கு என்பது சின்ன விசயமில்லை, முதலில் பாராட்டணும். ஆனா அந்தப் பாடத்தில் வாற எடுத்துக்காட்டுகள் ஓக்காமல் மொழியின் சாயலில் எழுதின ஒரு போலிக்குறியீடு. பிள்ளை அதைக் கணினியில் ஓட்டிப் பார்க்க ஏலாது. பைதன் தொடங்கினதும் அந்த முதல் பாடங்களோட கயிறு அறுந்துபோகுது. மிஞ்சுறது ஐந்து மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடம். ஓட்டிப் பார்க்காத மொழி, கதைச்சுப் பார்க்காத மொழி மாதிரி; அதில் வழக்கு பிறக்காது.

இனி வழமையான மூன்று கேள்விகள்.

"இதால வேலை கிடைக்குமா?" நியாயமான கேள்வி, கொழும்புக்கு பஸ் ஏறப்போற பிள்ளையிடம் அதைக் கேட்காதே என்று நான் சொல்ல மாட்டேன். ஹாஸ்கெல் என்று விளம்பரம் போட்டு ஆள் எடுக்கிற இடங்கள் குறைவுதான். ஆனா ஜாவாஸ்கிரிப்டில் வடிப்பதும் மாற்றுவதும் திரட்டுவதும் 2009இல் இருந்தே தரநிலைக்குள் இருக்கு. ஜாவாவுக்கு 2014இல் லாம்டா வந்தது. நீங்க படிக்க ஓடுற ரியாக்ட், திரையைத் தரவின் சார்பாகப் பார்க்கச் சொல்லுது. பெட்டியை நேராக மாற்றினால் திரை மாறாமல் நின்று உங்களை விடிய விடிய வழுத் தேட வைக்கும். 2014இல் 45 கோடிப் பாவனையாளர்களோட பேஸ்புக்குக்குக் கைமாறின வாட்ஸ்அப்பின் வழங்கி, எர்லாங் என்ற சார்புவழி மொழியில் எழுதப்பட்டது. பிரதேச செயலகத்தில் எக்செல் போடுற அக்காகூட சார்புவழியில்தான் வேலை செய்றா: ஒரு கட்டத்துக்குள் அதே கட்டத்தோட ஒன்றைக் கூட்டு என்று சூத்திரம் போட்டால் எக்செல் வட்டத் தொடர்பு என்று சொல்லி மறுத்துவிடும். அந்த அக்காவுக்குப் பயம் இல்லை. ஏனென்றால் "இது கஷ்டம்" என்று அவவுக்கு யாரும் சொல்லவில்லை.

"இங்கிலிஷ் தெரியாம ஏலுமா?" ஆவணங்கள் இங்கிலிஷில்தான் இருக்கு, பழகத்தான் வேணும். ஆனா விளங்குறது ஒரு மொழியில், பெயர் தெரிஞ்சுகொள்றது இன்னொரு மொழியில் நடக்கலாம். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்தர் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. தமிழுக்கு யாழ் நூல் தந்தவர் என்றுதான் நாம விழா எடுக்கிறம். 1930களில் சென்னையில் நடந்த அறிவியல் கலைச்சொல்லாக்க வேலையிலும் முன்னுக்கு நின்றவர் அவர். அவருடைய ஊர் வட்டாரத்தில் இருந்துகொண்டு, "மொனாட்" என்ற ஒரு சொல்லை வைத்துப் பிள்ளைகளை வெருட்டுறது வெட்கம். அந்தச் சொல் முதல் மூன்று மாதத்துக்குத் தேவையே இல்லை. தேவை வரும்போது, ஒன்றன்பின் ஒன்றாக நடக்கவேண்டிய வேலைகளைக் கோர்க்கிற ஒரு ஒழுங்கு என்று சொல்லித் தொடங்கலாம். தமிழ்நாட்டில் சென்னை கணிதவியல் நிறுவனத்தின் மாதவன் முகுந்தும் எஸ். பி. சுரேஷும் நடத்திய ஹாஸ்கெல் பாடம் என்பிடிஇஎல்லில் இலவசமாகக் கிடக்கு. இங்கிலிஷ்தான், ஆனா நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம். ஒருத்தர் கேட்டு, நாலு பேருக்குத் தமிழில் சொன்னால் காணும்.

"சோதனைக்கு வருமா?" வராது. வரவும் வேணாம். சோதனைக்கு வந்த எதை நாம ஆசையோட வைத்திருக்கிறம்?

கடைசியாக, கைதேர்ந்த அண்ணன்மாரே, அக்காமாரே, உங்களிட்ட ஒரு வேண்டுகோள் இல்லை, ஒரு கோரிக்கை. ஒரு பிள்ளை செய்நிரலைக் கொண்டுவந்து காட்டினால், "வழக்கு இல்லை" என்ற வார்த்தையை வாயில் இருந்து எடுங்க. முதலில் அது ஓடுது என்று சொல்லுங்க. ஓட வைத்தது அந்தப் பிள்ளையின் உழைப்பு. பிறகு எங்கே என்ன செலவாகுது என்று எண்ணில் காட்டுங்க, 5 கோடி அடி என்று. அதுக்குப் பிறகு அடுத்த ஒரு படியை மட்டும் காட்டுங்க, பத்தாவது படியை இல்லை. உங்களுக்குத் தெரிந்த முழுவதையும் கொட்டுறது பழக்குறது ஆகாது. கொழும்பிலும் வெளியிலும் நம்மட பிள்ளைகளுக்கு "உனக்குச் சரிவராது" என்று சொல்ல எத்தனையோ பேர் காத்திருக்கிறாங்க. அந்த வேலையை நாம இஞ்ச வைத்தே செய்து கொடுக்கத் தேவையில்லை.

அந்தத் தங்கச்சியின் கோப்பு இன்னும் அவவிட கணினியில் இருக்கும். இலக்கம் வைத்து, நீளம் பார்த்து, 15 கோடி அடி நடந்து, சரியான விடையோட நிற்கும். தங்கச்சி, இதை வாசிச்சா அதைத் திறங்க. நீளத்தைக் கேட்கிற இடத்தை முதலில் எடுத்திடுங்க. வெறும் பட்டியலின் கூட்டுத்தொகை என்ன என்று யோசியுங்க. மீதியைப் பிறகு பார்ப்பம்.